அசெம்பிள்டு சிஸ்டம் ஹேங் ஆகிறதா? கிராபிக்ஸ் கார்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

திருப்பூரில் பிரிண்டிங் டிசைன் போடும் சிஸ்டம், கோவையில் பம்ப்செட் கம்பெனியின் டிராயிங் சிஸ்டம், ஈரோட்டில் காலேஜ் பையன் கேம் ஆடும் சிஸ்டம். மூன்றிலும் வரும் புகார் ஒன்றுதான்: "நல்லாத்தானுங்க ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு படம் அப்படியே நின்னு போச்சு." படம் நின்றதால் பழி நேராகக் கிராபிக்ஸ் கார்டின் மேல் விழுகிறது. இருபதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்துப் புதுக் கார்டு வாங்கி மாட்டுகிறார்கள். பத்து நாள் கழித்து அதுவும் அதே மாதிரி நிற்கிறது.

கேபினெட்டுக்குள் அதிகமாகக் கரன்ட் இழுப்பதும் அதிகமாகச் சூடாவதும் கிராபிக்ஸ் கார்டுதான். வீட்டு லைன், எர்த், எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி), ரேம், காற்றோட்டம் என்று எதில் குறை இருந்தாலும் அது முதலில் தலைகாட்டும் இடம் கார்டு. அதனால் கார்டைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதன்பின் குறைந்தது இரண்டு நாள் வழக்கமான வேலை. ரேமையும் மாற்றி டிரைவரையும் மாற்றி சுத்தமும் செய்துவிட்டால், சரியானது எதனால் என்று தெரியாமலே போகும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துத் தேதி, மணி, என்ன வேலை ஓடியது, எப்படி நின்றது என்று எழுதி வாருங்கள். நான்கு முறை நின்றதை எழுதினாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எப்படி நின்றது?

படம் நின்றவுடன் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டாம். அந்த ஒரு நிமிடத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்தினால் விளக்கு மாறுகிறதா? பாட்டோ கேம் சத்தமோ தொடர்ந்து கேட்கிறதா, அல்லது ஒரே சத்தம் "ட்ர்ர்ர்" என்று திரும்பத் திரும்ப வருகிறதா? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பீப் கேட்டுத் திரை ஒருமுறை மினுங்குகிறதா? இந்த நான்கு விசைகளும் கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கச் சொல்லும் கட்டளை. இதில் படம் திரும்பி வந்தால் வேலையை உடனே சேவ் செய்துவிடலாம்.

சில நொடி நின்று, திரை கறுத்து, தானே திரும்பி வந்தால் அது டிரைவர் டைம்அவுட். கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை மீட்டமைக்கும். 60 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் இப்படி நடந்தால் நீலத் திரையோடு நின்றுவிடும். சத்தம் தொடர்கிறது, கேப்ஸ் லாக் விளக்கும் மாறுகிறது, படம் மட்டும் நிற்கிறது என்றால் சிஸ்டம் உயிரோடு இருக்கிறது. டிரைவர், கார்டு, மானிட்டர் கேபிள் என்ற வட்டத்துக்குள் தேடினால் போதும். சத்தம் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு, கேப்ஸ் லாக்கும் செத்துப்போனால் முழு சிஸ்டமும் உறைந்துவிட்டது. அங்கே ரேம், பிராசஸர், மதர்போர்டு, கரன்ட் ஆகியவை கார்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. திரை கறுத்துக் கார்டின் ஃபேன்கள் முழு வேகத்தில் இரைந்தால், கார்டு மதர்போர்டோடு தொடர்பை இழந்திருக்கிறது: பவர் கேபிள், ஸ்லாட், எஸ்எம்பிஎஸ். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மொத்தமாக அணைந்தோ ரீஸ்டார்ட் ஆகியோ போனால் எஸ்எம்பிஎஸ் பக்கம் முதலில் போங்கள். நிற்பதற்கு முன் திரையில் வண்ணப் புள்ளிகள், கட்டங்கள், கிழிந்த முக்கோணங்கள் தெரிந்தால் மட்டுமே கார்டின் சொந்த மெமரி மேல் சந்தேகம் வலுக்கிறது.

விண்டோஸ் எழுதி வைத்த குறிப்பு

விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி, ஈவென்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். நின்ற நேரத்துக்கு முன்பின் 2 நிமிடம் பாருங்கள். 4101 என்ற எண் டிஸ்ப்ளே டிரைவர் நின்று மீண்டதைச் சொல்லும். கெர்னல் பவர் 41 என்பதைப் பார்த்ததும் பலர் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. 41 சொல்வது, போன முறை சிஸ்டம் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே. நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் 41 வரும்.

மதிப்புள்ள குறிப்பு வீயா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் வருவது; ஹார்டுவேர் பிழைகளை விண்டோஸ் அதில் எழுதும். அதில் 17 என்றால், கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் பிழை வந்து திருத்தப்பட்டது என்று பொருள்: கார்டு சரியாக உட்காரவில்லை, ரைசர் கேபிள் (கார்டையும் ஸ்லாட்டையும் இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) தரமில்லை, ஸ்லாட்டில் தூசி. 18 என்றால் பெரும்பாலும் பிராசஸர் பக்கம். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் வரும் ரிலையபிலிட்டி மானிட்டரையும் பாருங்கள். லைவ் கெர்னல் ஈவென்ட் 117, 141 என்று வரிசையாக இருந்தால் கிராபிக்ஸ் எஞ்சின் பதில் சொல்லாமல் போனது உறுதி. ஏன் என்பதற்குத்தான் கீழே உள்ள சோதனைகள். எந்தக் குறிப்பும் இல்லாமல் வெறும் 41 மட்டும் இருந்தால், எழுதக்கூட நேரமில்லாமல் நின்றிருக்கிறது. அப்போது கரன்டிலிருந்து தொடங்குங்கள்.

சுவர் பிளக்கிலிருந்து தொடங்குங்கள்

நம் பக்கத்தில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். சோமனூர், பல்லடம் பக்கம் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் தறிக்குடோன்களும் வீடுகளும் சேர்ந்தே இருக்கும். தறி மோட்டார்கள் கிளம்பும் நேரத்திலும், பக்கத்துத் தோட்டத்துப் போர் மோட்டார் ஓடத் தொடங்கும்போதும் வோல்டேஜ் ஒரு நொடி சரியும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அது 180 வோல்ட்டிலும் ஓடிவிடும். ஆனால் வோல்டேஜ் குறையக் குறைய அதே வாட்டுக்கு அதிக ஆம்பியர் இழுக்கும். பிளக் பின் லூசாக இருந்தால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டமாக இருந்தால், அந்த இடம் சூடாகும். பிளக்கைப் பிடுங்கிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். சூடோ கறுப்போ தெரிந்தால் சாக்கெட்டையே மாற்றுங்கள். நோட்டில் எழுதிய நேரங்கள் தறி ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது யுபிஎஸ். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் தரக்கூடியது பெரும்பாலும் 360 வாட் மட்டுமே. ஆர்டிஎக்ஸ் 4070 கார்டுக்கு 200 வாட், பிராசஸருக்கு 100, மதர்போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 60, எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாகும் 40 முதல் 50, மானிட்டர் 30 என்று கூட்டினால் 430 வாட்டைத் தாண்டுகிறது. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது 80, 100 வாட்டில் ஓடுவதால் யாருக்கும் தெரியாது. ரெண்டர் கொடுத்தவுடன் யுபிஎஸ் திணறும். இன்னொன்று: வோல்டேஜ் ஏறி இறங்கும்போது யுபிஎஸ்ஸுக்குள் ரிலே "டக்" என்று தட்டும். அந்தச் சத்தமும் ஹேங்கும் ஒன்றாக வந்தால் விடை கையில் இருக்கிறது. கரன்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்தச் சில மில்லி விநாடியை எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் உள்ள சேமிப்பால் தாண்ட வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் 16 மில்லி விநாடி அளவுக்குத் தாங்கும். முழு லோடில், பழைய எஸ்எம்பிஎஸ்ஸில், அந்தத் தாங்கும் நேரம் சுருங்கிவிடும்.

வீட்டு இன்வெர்ட்டரிலேயே சிஸ்டத்தை ஓட்டுகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு என்ற சுவிட்ச் உண்டு; அது போடப்படாவிட்டால் மாறும் நேரம் அதிகம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும். ஆக்டிவ் பிஎஃப்சி (லைனிலிருந்து கரன்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஆகாது. சைன் வேவ்தான் வேண்டும்.

சோதனை எளிது. யுபிஎஸ், ஸ்டெபிலைசர், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எர்த் உள்ள சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகி இரண்டு நாள் ஓட்டுங்கள். அந்த இரண்டு நாளும் அடிக்கடி சேவ் செய்துகொள்ளுங்கள். நிற்கவில்லை என்றால் கேபினெட்டைத் திறக்கவே வேண்டாம்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டால் விறுவிறு என்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக லைன் வோல்டேஜில் ஏறக்குறையப் பாதி, அதாவது 110 வோல்ட் அளவு, கேபினெட்டில் மிதந்துகொண்டிருக்கும். ஆளைக் கொல்லும் அளவுக்குக் கரன்ட் அதில் இல்லை என்றாலும், எச்டிஎம்ஐ, யூஎஸ்பி கேபிள்கள் வழியாக இது சிக்னலில் கலக்கும். டிவி, பிளாட்டர், எம்பிராய்டரி மெஷின் என்று வேறு லைனில் உள்ள பொருளோடு கேபிள் இணைத்தால் தொல்லை இரட்டிப்பாகும். அந்தக் கேபிள்களை மட்டும் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

எலக்ட்ரீஷியனை வைத்து மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 10ஐத் தாண்டினால் எர்த் அல்லது நியூட்ரல் இணைப்பில் கோளாறு. காங்கேயம், தாராபுரம் பக்கத்துச் சரளை நிலத்தில் சித்திரை, வைகாசியில் எர்த் குழி காய்ந்து பயனில்லாமல் போகும். வாரம் இரண்டு தடவை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே மாற்றம் தெரியும். எர்த் கிடைக்கவில்லை என்று நியூட்ரலை எர்த் பின்னோடு சேர்த்துக் கட்டும் வேலையை யாரும் செய்யவிடாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸும் அதன் கேபிள்களும்

எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டுப் பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால், 12ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கார்டும் இரண்டுமே இந்த 12 வோல்ட்டில்தான் ஓட வேண்டும். கேபினெட்டோடு சேர்ந்தே வரும் எஸ்எம்பிஎஸ்களில் இந்தக் கணக்குப் பலமுறை இடிக்கும்.

கார்டுக்குக் கரன்ட் வரும் வழிகள் இவை: மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை, 6 பின் இணைப்பு 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள். ஒரே கேபிளில் தொங்கும் இரட்டைத் தலையை மாட்டினால் முழுச் சுமையும் ஒரே கம்பியில் போய், முனையில் வோல்டேஜ் சரியும். டிஸ்க்குக்குக் கரன்ட் கொடுக்கும் சாட்டா இணைப்பிலிருந்து 6 பின் ஆக்கும் அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள். சாட்டா தாங்குவது 54 வாட் மட்டுமே. உருகித் தீப்பிடித்த கதைகள் உண்டு. மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் புதியதில் செருகுவது இன்னும் ஆபத்து. தலை பொருந்தும், ஆனால் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. செருகிய நொடியில் கார்டும் டிஸ்க்கும் எரியும்.

புதிய ஆர்டிஎக்ஸ் கார்டுகளின் 16 பின் இணைப்பு முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். இடைவெளி ஒரு நூல் அளவுகூடத் தெரியக்கூடாது. இணைப்பிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் கேபிளை மடக்க வேண்டாம். கண்ணாடிக் கதவு கேபிளை அழுத்துகிறது என்றால் கேபினெட் சிறிது.

12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6க்குள் இருக்க வேண்டும். மென்பொருள் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பயன்படுத்தாத மோலெக்ஸ் (4 பின் உள்ள பழைய வகை) இணைப்பில் மஞ்சள், கறுப்பு ஓட்டைகளில் மீட்டர் முனைகளை வைத்து, லோடு ஓடும்போது பாருங்கள். ஆனால் மீட்டரில் 12.0 என்று வந்ததாலேயே எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவு செய்யவும் முடியாது. கார்டு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு அதன் வாட்டைப் போல் இரண்டு மடங்கு வரை திடீரென்று இழுக்கும். அந்தத் துள்ளலை மீட்டர் பிடிக்காது; எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று பிடித்து அணைத்துவிடும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் இந்தத் துள்ளலைத் தாங்கும்படிதான் எழுதப்பட்டது.

இதற்குக் காசில்லாத ஒரு நல்ல சோதனை உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும். இரண்டு நாள் நிற்காமல் ஓடினால் தவறு பெரும்பாலும் கரன்டிலோ சூட்டிலோ இருக்கிறது. டிரைவரைத் தோண்ட வேண்டாம். 70இலும் நிற்கிறது என்றால் இந்தப் பகுதியைத் தாண்டி ரேமுக்குப் போங்கள். நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் இரண்டு நாளுக்கு இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது எந்த மென்பொருள் சோதனையையும் விட உறுதியானது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து சுத்தம் செய்ய மட்டும் போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

சூடும் பஞ்சும்

அறைச் சூடு ஒரு டிகிரி ஏறினால் கார்டின் சூடும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மார்கழியில் 72 டிகிரியில் ஓடிய கார்டு, கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை மதியம் தகரக் கூரைக்குக் கீழே 85ஐத் தொடுவதில் அதிசயமில்லை. சிப் சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சூட்டால் நேராக உறைவது குறைவு. ஆனால் மெமரி சிப்களும் கரன்டைப் பிரித்துக் கொடுக்கும் பாகங்களும் சூடாகும்போது பிழை வரும், அங்கேதான் படம் நிற்கும். அதனால் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் கோர், ஹாட் ஸ்பாட் (சிப்பிலேயே அதிகம் சூடான புள்ளி), மெமரி மூன்றையும் பார்த்து, லாக் செய்யும் வசதியை ஓடவிடுங்கள். நின்ற பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரிதான் சாட்சி.

கோருக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் இடைவெளி 10 முதல் 20 டிகிரி இருப்பது இயல்பு. 30ஐத் தாண்டினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது ஹீட்சிங்க் சரியாக அழுந்தவில்லை. ஏஎம்டி கார்டுகள் ஹாட் ஸ்பாட் 110 வரை அனுமதிக்கும். அது எல்லை, தினமும் அங்கே ஓட்டலாம் என்று பொருளில்லை. கேபினெட் பக்கக் கதவைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். 8, 10 டிகிரி இறங்கினால் கார்டில் குறையில்லை, காற்று போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற என்பதே போதும். முன்பக்கம் முழுக் கண்ணாடியாக உள்ள அழகுக் கேபினெட் நம் வெயிலுக்கு ஏற்றதல்ல.

பனியன் கம்பெனி, தறிக்குடோன், எம்பிராய்டரி செட் இருக்கும் இடத்தில் தூசி வேறு விதம். சாதாரண மண்தூசி ஃபேன் இறக்கையில் படியும். பஞ்சு ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையே போய்க் கம்பளி மாதிரிப் படர்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகச் சுற்றும், காற்று மட்டும் மறுபக்கம் வராது. டார்ச் அடித்துத் தகடு இடுக்கில் பாருங்கள். அந்த மாதிரி இடங்களில் முன் ஃபில்டரை வாரம் ஒருமுறை, கார்டை ஒன்று, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வது நல்லது. மற்ற இடங்களில் மூன்று மாதம் போதும், ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புழுதியை அள்ளிக்கொண்டு வரும் மாதங்களைத் தவிர.

சுத்தம் செய்யும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டே ஊதுங்கள். காற்றின் வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். டயர் கடை கம்ப்ரசரில் கொண்டுபோய் ஊதும் வழக்கம் இங்கே அதிகம். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். அன்று நன்றாக ஓடும், அடுத்த மாதம் ஸ்லாட்டில் பச்சைக் களிம்பு பூக்கும். சிறிய எலக்ட்ரிக் ப்ளோயரும் காய்ந்த பெயின்ட் பிரஷும் போதும்.

பேஸ்ட் மாற்ற ஹீட்சிங்க்கைக் கழற்றினால் மெமரி மேல் உள்ள தெர்மல் பேடு கிழிய வாய்ப்பு அதிகம். பேடின் கனம் 1, 1.5, 2 மில்லிமீட்டர் என்று இடத்துக்கு இடம் மாறும். கனம் கூடினால் சிப் மேல் ஹீட்சிங்க் அழுந்தாது, குறைந்தால் மெமரி தொடாது. கழற்றும் முன் அந்த மாடலின் கனத்தைத் தெரிந்து, பேடை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி இருந்தால் கழற்றவே வேண்டாம்.

கழற்றி மாட்டுதல்

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து, மீதிக் கரன்டை வடித்துவிடுங்கள். கேபினெட் இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டை எடுங்கள். ஸ்லாட் முனையில் உள்ள கொக்கியை விடுவிக்காமல் இழுத்தால் ஸ்லாட்டே பெயர்ந்துவிடும். தங்கநிறப் பற்களை ரப்பர் போட்டுத் தேய்க்க வேண்டாம். துகள் ஸ்லாட்டுக்குள் விழும், பூச்சும் தேயும். 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்துக் காயவிடுங்கள். திரும்பச் செருகும்போது கொக்கி "கிளிக்" என்று விழ வேண்டும். பிராக்கெட்டின் இரண்டு திருகுகளையும் போடுங்கள். மூன்று ஃபேன் கார்டு எடையில் தொங்கும். முனையில் ஒரு முட்டு கொடுங்கள். தொங்கும் கார்டு நாளடைவில் ஸ்லாட் தொடர்பை விட்டுவிட்டுப் பிடிப்பதுதான் வீயா 17க்கு வழக்கமான காரணம்.

செங்குத்தாகக் கார்டு நிறுத்த ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராக மாட்டி ஓட்டுங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0க்குச் செய்த ரைசரில் 4.0 கார்டு மாட்டினால் அடிக்கடி நிற்கும். பயாஸில் (சிஸ்டம் தொடங்கும்போது டெலிட் போன்ற விசையை அழுத்தினால் வரும் மதர்போர்டு செட்டிங்) ஸ்லாட் வேகத்தை ஆட்டோவிலிருந்து ஜென் 3க்கு மாற்றினால் சரியாகிவிடும். வேக இழப்பு கண்ணுக்குத் தெரியாது.

ரேம், பிராசஸர், பயாஸ்

பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். 3200 மெகாஹெர்ட்ஸ் என்று வாங்கிய ரேம் 2133, 2666இல் ஓடும், பரவாயில்லை. ஹேங் ஆவது நின்றுபோனால் ரேம் தான் சொன்ன வேகத்தில் இந்தப் போர்டில் நிலையாக ஓடவில்லை. இரண்டு ஸ்டிக் என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4 ஆகிய ஸ்லாட்டுகளில் இருக்க வேண்டும். பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 ஏற்றி 4 சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். பிழை வந்தால் ஸ்டிக் ஒவ்வொன்றாகத் தனியே சோதியுங்கள்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்போர் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். கேம் தொடங்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று செய்தி வந்து நிற்கும். கார்டில் 12 ஜிபி இருக்கும். இது கார்டின் குறையே இல்லை. அந்தப் பிராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் தேய்ந்துபோவதை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129, பின்னர் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடுகளை (பயாஸ் வழியாகப் பிராசஸருக்குள் ஏறும் திருத்தம்) வெளியிட்டது. பெட்டியில் வந்த பிராசஸர்களுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டியது. பயாஸை 12பி அல்லது அதற்குப் பிந்தையதாக ஏற்றி, இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரை மைக்ரோகோடு குணமாக்காது. வாரண்டிக்குத்தான் கொடுக்க வேண்டும். இந்தச் செய்தியை நம்பிக் கார்டை மாற்றியவர்கள் நிறையப் பேர்.

முதல் தலைமுறை ஏஎம்டி ரைசன் பிராசஸர் சும்மா இருக்கும்போது மட்டும் உறைந்தால், பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோலை டிபிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்றுங்கள். பயாஸ் அப்டேட் செய்யும் நேரத்தில் கரன்ட் போனால் போர்டு செத்துவிடும். மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளில் அந்த வேலை வேண்டாம்.

டிரைவர்

டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற இலவச மென்பொருளையும் தேவையான டிரைவரையும் முன்கூட்டியே இறக்கி வைத்து, நெட் கேபிளைப் பிடுங்கி, சேஃப் மோடில் பழைய டிரைவரை வேரோடு நீக்கி, புதிதாகப் போடுங்கள். நெட்டைப் பிடுங்காவிட்டால் விண்டோஸ் தானே ஒரு பழைய டிரைவரை நடுவில் ஏற்றிவிடும். ஹேங் ஒரு அப்டேட்டுக்குப் பின் தொடங்கியிருந்தால் அதற்கு முந்தைய பதிப்பைப் போடுங்கள். கோரல்டிரா, ஃபோட்டோஷாப், ரெண்டரிங் வேலைக்கு என்விடியாவின் ஸ்டுடியோ டிரைவர் போதும்.

ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் நிற்கிறது என்றால் அதில் கிராபிக்ஸ் முடுக்கத்தை அணைத்துப் பாருங்கள். பெரிய ஃபிளெக்ஸ் ஃபைல் திறந்தால் மட்டும் நிற்கிறதா? டாஸ்க் மேனேஜரில் கார்டின் மெமரி அளவைப் பாருங்கள். 4 ஜிபி கார்டில் 3.9 என்று நின்றால் அது பழுதல்ல, போதாமை. யூடியூப் பார்க்கும்போது மட்டும் நின்றால் பிரவுசரின் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனையும், பவர் பிளானில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் சேமிப்பையும் அணையுங்கள். ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 விநாடி அளவை 8, 10 என்று கூட்டும் வழி நீண்ட ரெண்டர் ஓட்டுபவர்களுக்கு உதவும். ஹார்டுவேர் நல்லது என்று உறுதியான பின்தான் அதைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் பழுதை மறைப்பதுதான் நடக்கும்.

கார்டுதான் என்றால்

பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் (இன்டெல்லில் எஃப் என்று முடியாத மாடல்கள், ரைசன் 7000இல் பெரும்பாலானவை) கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டரை மதர்போர்டில் செருகி மூன்று நாள் வேலை செய்யுங்கள். அப்போதும் நின்றால் கார்டு நிரபராதி. நிற்கவில்லை என்றால் கார்டை வேறொரு நல்ல சிஸ்டத்தில் மாட்டி, ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை 15 நிமிடம், பின் சூப்பர்பொசிஷன் என்பதை ஒரு மணி நேரம் சுழலவிடுங்கள். இரண்டும் வேண்டும்: முதலாவது சீரான பாரம், இரண்டாவது ஏறி இறங்கும் பாரம். ஓசிசிடி என்ற மென்பொருளில் உள்ள விரேம் (கார்டின் மெமரி) சோதனையில் பிழை எண்ணிக்கை ஏறினால் மெமரி போய்விட்டது. கோர் வேகத்தை 50 மெகாஹெர்ட்ஸ் இறக்கினால் நிற்பதில்லை என்றால், கம்பெனி ஏற்றிக் கொடுத்த வேகத்தைச் சிப் இப்போது தாங்கவில்லை. வாரண்டி முடிந்த கார்டை அப்படியே இறக்கிய வேகத்தில் வருடக்கணக்கில் ஓட்டலாம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால், 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நின்றபின் சந்தைக்கு வந்து குவிந்தவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஜிபியு இசட் என்ற மென்பொருளில் திறந்து மாடலும் பயாஸ் பதிப்பும் ஒத்துப்போகின்றனவா, போலி என்று குறி காட்டுகிறதா பாருங்கள். மைனிங்குக்காக மாற்றிய பயாஸ் இருந்தால் அசல் பயாஸை ஏற்றுவதிலேயே சில கார்டுகள் சரியாகிவிடும்.

சிப்பைச் சூடாக்கி "ரீஃப்ளோ" செய்து தருகிறேன் என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். சில வாரம் ஓடும், மறுபடி போகும். மெமரி சிப் ஒன்றை மாற்றுவது வேறு. எந்தச் சிப் என்று சோதித்துச் சொல்லி, எழுத்தில் மூன்று மாதமாவது வாரண்டி தரும் இடத்தில் செய்யலாம். கம்பெனி வாரண்டி இருந்தால் பில், சீரியல் எண் ஸ்டிக்கர், பெட்டி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் பின்கள், ஸ்டிக்கர், பற்கள் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் பிடித்து வையுங்கள். "ஹேங் ஆகுது" என்று மட்டும் எழுதினால், சர்வீஸில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து "நோ ஃபால்ட்" என்று திருப்பிவிடுவார்கள். எந்த டெஸ்ட், எத்தனையாவது நிமிடம், என்ன சூடு, எந்த ஈவென்ட் எண், வேறு எந்தச் சிஸ்டத்தில் மாட்டியும் அதே பழுது வந்தது என்று அரைப் பக்கம் எழுதி, நிற்கும் காட்சியை வீடியோ எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்.